டிசம்பரில் கோடை

முதலில் அவருடைய குடையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால் மனுசர் யாரென்று தெரிந்துவிடும்.

எங்கள் ஊர் கம்பத்துக்குக் கிழக்கே, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் இருக்கிறது. பாதிக்கு மேல் வேதக்காரக் குடும்பங்கள். அவர் அரசாங்கத்தில் மழை அளக்கிற வேலை பார்த்தார். தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நோட்டில் எழுதுவார். அதனால் மழைக்காரர் என்று பேர். சொந்தப் பேர் எனக்குத் தெரியும். அதை எழுதுகிற மரியாதையை அவருக்குத் தர எனக்கு மனசில்லை.

டிசம்பர் முதல் வாரம் எங்கள் ஊரில் சவேரியார் சப்பரம் கிளம்பும். ஒரு வருடம் வானம் பளிச்சென்று இருந்தது. ஊரே வெறுங்கையாக வர, மழைக்காரர் மட்டும் கறுப்புக் குடையோடு வந்தார். சப்பரம் நடுத்தெருவைத் தாண்டுவதற்குள் கொட்டியது. அடுத்த வருடமும் அப்படியே. மூன்றாவது வருடம் பெண்கள் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் கையைப் பார்த்தார்கள். குடை இருந்தது. உடனே ஆள் அனுப்பித் தார்ப்பாய் கொண்டுவந்து சப்பரத்தை மூடிவிட்டார்கள். மழை வந்தது, சப்பரம் தப்பியது. ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. அவர் முகம் மட்டும் வாடிப்போனது.

நான்காவது வருடம் வெறுங்கையோடு வந்தார். நாங்களும் தார்ப்பாயைத் தேடவில்லை. நல்ல மழை. கலர்க் காகிதச் சாயமெல்லாம் ஓடிச் சவேரியாரின் அங்கி ஊதாவாகிவிட்டது. மழைக்காரரும் எங்களோடு நின்று பல் தந்தியடிக்க நனைந்தார். நனைந்துகொண்டே என் காதுக்குப் பக்கத்தில் வந்து, “எனக்கு அப்பவே தெரியும் தம்பி” என்றார். குடை அவர் வீட்டு ஆணியில் காய்ந்தபடி தொங்கியதை அவர் சம்சாரமே பிற்பாடு சொல்லிச் சிரித்தது.

தான் நனைந்தாலும் சரி, ஊருக்கு ஒரு சேதி முன்கூட்டிப் போய்விடக் கூடாது. மனுசர் அவ்வளவுதான். மீதி நான் எழுதுவதெல்லாம் இதே குடைதான்.

என் மாமன் மகனுக்குப் பந்தலில் ஒரு ஏக்கர் திராட்சை பழுத்து நின்றது. இன்னும் இரண்டு நாள் போகட்டும், இனிப்பு ஏறட்டும் என்று காத்திருந்தான். பழுத்த கொத்தில் மழை விழுந்தால் பழம் வெடித்துப் போகும். மழைக்காரர் முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பந்தலுக்குள் அரைமணி நேரம் நின்றார். கொத்திலிருந்து பறித்துத் தின்றார். தெற்கே மலைப் பக்கம் திரும்பிக் காற்றை மோந்து பார்த்தார். மாமன் மகனின் பிள்ளைகள் படிப்பை விசாரித்தார், மாட்டை விசாரித்தார், போய்விட்டார். விடியற்காலையில் மழை இறங்கிவிட்டது. எட்டரைக்கு மழைமானியைப் பார்த்துவிட்டு நேரே பந்தலுக்கு வந்து, “எனக்கு நேத்தே தெரியும்” என்றார். என் மாமன் மகன் மண்வெட்டியைத் தூக்கினான். நான்தான் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கென்றால் பிடிக்க மாட்டேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் பொய் சொன்னார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆயுசில் ஒரு பொய் கிடையாது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பார், அவ்வளவே.

அதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். வாலிபத்தில் ஒருதரம் வெள்ளம் வருகிறது என்று கோயில் மணியை அடித்தாராம். ஊரே ஆடு மாடோடு மேட்டில் ஏறி உட்கார்ந்ததாம். ஒரு சொட்டு விழவில்லையாம். வருசக்கணக்கில் சின்னப் பிள்ளைகள்கூட அவரைக் கண்டால் மணியடிப்பதுபோல் கையை ஆட்டிக் காட்டுமாம். அன்றைக்கு வாயைப் பூட்டியவர்தானாம். இருக்கட்டும். அவரைப் பார்த்துக் கையை ஆட்டியவர்களில் நானும் இல்லை, என் வீட்டுக்காரியும் இல்லை.

இனி என் கதை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பன்னிரண்டு வயதில் போடிக்குப் போய் இலவம்பஞ்சுக் கிட்டங்கியில் விதை பிரித்தேன். மூக்கிலும் வாயிலும் பஞ்சு. இன்றைக்குப் போடியிலும் தேனியிலும் மெத்தைக் கடை வைத்திருக்கிறேன். கையெழுத்தைத் தவிர எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் என் மெத்தையில் படுக்காத பெரிய வீடு இந்தப் பள்ளத்தாக்கில் குறைவு. முப்பது வருடமாக இந்தப் பக்கத்துக் கோயில்களில் கிறிஸ்துமஸ் குடில் போட, கூரைமேல் பனி மாதிரித் தூவுவதற்குப் பஞ்சு என் கடையிலிருந்துதான் போகிறது. இயேசு பாலனுக்குப் பனி கொடுக்கிறவன் நான் என்று பெருமை பேசிக்கொள்வேன். கிறிஸ்துமஸ் என்றால் குளிர், வெள்ளைக்காரன் தேசமென்றால் பனி. வாழ்த்து அட்டையிலெல்லாம் அப்படித்தானே போட்டிருக்கிறது?

என் மகள் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு என்கிற ஊரில் நர்ஸ். பிள்ளை பிறந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு வாருங்கள், ஞானஸ்நானமும் வைத்துக்கொள்ளலாம் என்றாள். மெல்லிசான உடுப்பு போதும், வெயில் காலம் என்றும் சொன்னாள். நான் நம்பவில்லை. அப்பன் செலவழிக்கக் கூடாது என்று பிள்ளை சமாளிக்கிறது என்றுதான் நினைத்தேன். கொடைக்கானலுக்கு ஆள் அனுப்பி எனக்கு ஒரு கம்பளிக் கோட்டு, என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வரை வருகிற ஸ்வெட்டர், இரண்டு பேருக்கும் குரங்குக் குல்லா வாங்கினேன். இருந்தாலும் மனசில் ஒரு சந்தேகம். உலக மேப்பைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மூட்டையோடு மழைக்காரர் வீட்டுக்குப் போனோம்.

“அண்ணே, அங்கன கிறிஸ்மஸுக்குக் குளிரு தாங்குமா? இது போதுமா?” என்று கேட்டேன்.

அவர் ஸ்வெட்டரை வாங்கி மடியில் வைத்து, விரலால் தேய்த்துப் பார்த்தார். பின்னாலேயே அந்த மேப் தொங்குகிறது. “நல்ல கம்பளி தம்பி. எம்புட்டுக் குளிரையும் தாங்கும்” என்றார்.

அதிலும் பொய் இல்லை பாருங்கள்.

விமானத்துக்குள் குளிர். இறங்கின கட்டடத்துக்குள்ளும் குளிர். நான் சொன்னது சரிதான் என்று வீட்டுக்காரியிடம் பெருமையடித்துக்கொண்டே வந்தேன். கண்ணாடிக் கதவு திறந்தது. நம் கம்பத்துச் சித்திரை வெயிலை நாலாக மடித்து மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. கார் நிற்கிற இடம் வரை நடக்க வேண்டும். மகள் பெட்டி வைத்துத் தள்ளுகிற வண்டியை எடுக்க ஓடினாள். என் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை. பாதி வழியில் குல்லாவை இழுத்துக்கொண்டே சரிந்தாள். இடுப்பு சிமெண்டு விளிம்பில் பட்டது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரியில் அந்த ஸ்வெட்டரைக் கத்திரியால் வெட்டித்தான் எடுத்தார்கள்.

ஞானஸ்நானம் அவள் இல்லாமல் நடந்தது. நான் கிறிஸ்துமஸை ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தாத்தா வேடம் போட்டவன் அரைக்கால் சட்டையில் வந்தான். ஜனமெல்லாம் கடற்கரைக்குப் போய்க் குடையை நட்டு, ஐஸில் வைத்த இறாலைத் தின்றது. இரவு எட்டு மணிக்குப் பொழுது அடையாமல் நிற்கிறது, அந்த வெளிச்சத்திலேயே மைதானத்தில் மெழுகுவர்த்தி பிடித்துப் பாட்டுப் பாடுகிறார்கள். அவள் எழுந்து நடக்கிறவரை ஆறு மாதம் அங்கே இருந்தேன். மூன்றாம் வகுப்புக்காரன் அந்த ஆறு மாதத்தில் ஒரு முழுப் படிப்புப் படித்தேன். அங்கே திராட்சை அறுப்பு மாசியில். நாம் புழுக்கத்தில் பெரிய வியாழன் பாதம் கழுவும்போது அங்கே இலை உதிர்ந்து ஈஸ்டர் குளிரோடு வருகிறது. பனி இல்லாத கிறிஸ்துமஸ் ஒரு கிறிஸ்துமஸா என்று ஏங்கிப்போய், ஜூலைக் குளிரில் கணப்பு மூட்டி இரண்டாவதாக ஒரு கிறிஸ்துமஸ் விருந்து வைக்கிற ஆட்களும் உண்டு. பள்ளிக்கூடம் வருட முடிவுக்குப் பூட்டுவது டிசம்பரில், கோடை அப்போதுதானே. சித்திரையில் பத்துப் பதினைந்து நாள் விடுவார்கள். வைகாசியில் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகும்.

ஊருக்குத் திரும்பினோம். அவள் கம்பு ஊன்றி இறங்கினாள். இன்றைக்கும் கம்புதான். மழைக்காரர் விசாரிக்க வந்தார். காப்பியைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு அப்பவே தெரியும். டிசம்பர்ல அங்கன மண்டையப் பொளந்துரும்ல” என்றார்.

என் வீட்டுக்காரி கோபிக்கிறவள் இல்லை. “அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே” என்றாள்.

“நீங்க வாங்கிட்டுல்ல வந்தீக.”

அவ்வளவுதான் பதில். அவர் போனபின் நான் அந்தத் தம்ளரைக் கழுவப் போடவில்லை, குப்பையில் போட்டேன். உனக்கு ஒரு நாள் வரும், அன்றைக்கு நான் பக்கத்தில் இருப்பேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வருடம் கழித்து வந்தது. அதற்குள் அவர் சம்சாரம் இறந்துபோய்த் தனி ஆளாகிவிட்டார். மதுரையில் கண் ஆஸ்பத்திரியில் எனக்குப் புரை எடுத்தார்கள். அங்கே வரிசையில் எனக்கு முன்னால் மழைக்காரர். கூட யாருமில்லை. டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னதைத் துணைக்கு உட்கார்ந்து நானும் கேட்டேன். கண் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, திருப்ப முடியாது, தீபாவளிவரை கொஞ்சம் பார்வை நிற்கலாம், பிறகு இருட்டு. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். முக்கியமாக மகனிடம்.

அந்த மகனும் அடிலெய்டில்தான் இருந்தான். கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டான் என்று ஏழு வருடம் பேச்சில்லை. பெண் குழந்தை ஒன்று. சம்சாரம் சாவுக்குப் பிறகுதான் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போனில் இரண்டு வார்த்தை. படம் போடுகிற போன் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. பேத்தியின் முகத்தை ஒருதரம்கூட அவர் பார்த்ததில்லை. நேரில்தான் பார்ப்பேன் என்று ஒரு வீம்பு.

மார்ச் மாதம் என் போடிக் கடைப் படியேறினார். கையால் கதவைத் தடவித்தான் ஏறினார். மூன்று மெத்தை வேண்டும், அதில் ஒன்று சின்னது.

“பேத்தி வருது தம்பி. பெரிய பரீட்சை முடிஞ்சு லீவு விட்டதும் கூட்டிட்டு வாரேன்னுட்டான். மே மாசம் இங்கன இருப்பாக” என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் நான் பார்த்ததில்லை. “பாத்துட்டேன்னு வையி, அப்புறம் கண்ணு போனாப் போகுது.”

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சூரியன் எந்த மாதம் எந்தப் பக்கம் சாயும் என்று எல்லாத் தேசத்துக்கும் சொல்லக்கூடிய மனுசருக்கு, அந்தச் சாய்வுக்குத் தக்கபடிதான் பள்ளிக்கூடத்துக்கும் பூட்டுப் போடுவார்கள் என்பது தோன்றவில்லை. பெரிய பரீட்சை லீவு என்றால் மே. அவர் பிறந்ததிலிருந்து அது மேதான். மகனிடம் எந்தத் தேதி என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் யாரிடமும் எதையும் கேட்கிற வழக்கமில்லை.

ஒரு வாக்கியம். ‘அண்ணே, அங்கன பெரிய லீவு டிசம்பர்ல’ என்று ஒரே வாக்கியம். மார்ச்சில் சொல்லியிருந்தால் சித்திரைக்குள் மகனை வரவழைக்க அவருக்கு நாள் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. கடை வாசலில் என் வீட்டுக்காரி கம்பை ஊன்றிப் படியிறங்குவது தெரிந்தது.

“தச்சிரலாம்ணே” என்றேன்.

நல்ல பஞ்சாகப் பார்த்து நானே முன்னால் நின்று தைத்தேன். சின்ன மெத்தைக்குப் பூப்போட்ட உறை. கூடவே ஒரு சின்னத் தலையணை என் கணக்கில். வீட்டுக்காரியிடம் மூச்சு விடவில்லை. அவளுக்குத் தெரிந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுவாள்.

ஏப்ரலில் அவர் வீட்டுக்கு வெள்ளையடித்தார். பெரியகுளத்திலிருந்து காய் மாங்காய் இரண்டு கூடை வரவழைத்து, பேத்தி வருகிற நேரத்துக்குப் பழுக்கட்டும் என்று வைக்கோலில் அடுக்கினார். மே பிறந்தது. தினமும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் நாலைந்து நாளைக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், பார்க்கத்தான் போனேன். முதல் வாரம் வீடெல்லாம் மாம்பழ வாசனை. மூன்றாவது வாரம் அழுகல் வாசனை. போன் போட்டுக் கேட்டீர்களா என்று விசாரித்தேன். கேட்பதற்கு என்ன இருக்கிறது, வருவான் என்றார். மகன் இரண்டு தடவை கூப்பிட்டானாம். உடம்பு எப்படி என்று அவன் கேட்டானாம், உடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு என்று இவர் சொன்னாராம்.

ஜூனில் நம் பள்ளிக்கூடம் திறந்தது. அன்று சாயங்காலம் போனேன். சின்ன மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

“அங்கன பெரிய லீவு டிசம்பர்லண்ணே” என்றேன். “எனக்கு மார்ச்லயே தெரியும்.”

அவர் மெத்தையை விட்டுவிட்டு என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.  பிறகு கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு மாதங்களை எண்ணினார். அக்டோபரில் விரல் நின்றுவிட்டது.

“கண்ணு அதுவரைக்கும் நிக்காதே தம்பி” என்றார்.

“தெரியும்ணே. நானும் கேட்டேன்ல.”

ஆறு வருடம் முந்தி நடந்தது இது. சந்தோசமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போது கம்பம் ரோட்டில் தனியாகச் சிரித்தேன்.

வீட்டுக்காரியிடம் அன்று சொன்னேன். அவள் சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். “அந்த மனுசன் சும்மா இருந்துட்டாக. நீங்க மெத்தையில்ல தச்சுக் குடுத்திருக்கீக” என்றாள். மறுநாள் அவளே கம்பூன்றிப் போய், மகனுக்கு நான் பேசட்டுமாண்ணே, கண் விசயத்தைச் சொன்னால் நாளைக்கே பறந்து வருவானே என்று கெஞ்சியிருக்கிறாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. குருட்டு அப்பனைப் பார்க்க ஒருத்தரும் வர வேண்டாம், பேத்தியைக் காட்ட வரட்டும் என்று சொல்லி, மாதா படத்தின்மேல் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். மழையைச் சொல்லாத வாய் இதை மட்டும் சொல்லிவிடுமா?

டாக்டரம்மா கணக்குத் தவறவில்லை. தீபாவளி வெடிச் சத்தத்தை அவர் காதால் மட்டும்தான் கேட்டார்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் மகன் வந்தான், பெண்டாட்டி பிள்ளையோடு. வெயிலில் கிறிஸ்துமஸ் கொண்டாடிப் பழகின பிள்ளை, நம் மார்கழிக் காற்றுக்கே ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு காரைவிட்டு இறங்கியது. மகன் அப்பாவின் கண்ணைப் பார்த்தான். வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். “சித்தப்பா, ஒரு போன் போட்டிருந்தா ஏப்ரல்லயே வந்திருப்பேனே. இவருதானே எனக்கு உலகப் படம் சொல்லிக் குடுத்தாரு. அங்கன எப்ப லீவுன்னு இவருக்கு எப்பிடித் தெரியாமப் போச்சு?” என்று என்னைக் கேட்டான். வயசாகிவிட்டதப்பா என்றேன். பெட்டியை இறக்கப் போனான்.

உள்ளே மழைக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பேத்தி அவர் முழங்காலுக்கு நடுவில் நின்றது. இரண்டு கையாலும் அதன் முகத்தைத் தடவினார். நெற்றி, புருவம், காது. தடவிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, யாரு சாயலு?” என்றார். “அவன்கிட்டக் கேட்டா என் மனசுக்குச் சொல்லுவான். நீங்க எனக்காகச் சொல்ல மாட்டீக. அதான் கேக்குறேன்.”

அவர் யாரிடமாவது எதையாவது கேட்டு நான் பார்த்தது அந்த ஒருதரம்தான். பிள்ளையைப் பார்த்தேன். அகலமான நெற்றி. இடது புருவம் நடுவில் கொஞ்சம் மேலேறி, ஒட்டின காது மடல், கீழுதட்டுக்குக் கீழே ஒரு பள்ளம். அவரைச் சின்னதாக்கி, பாவாடை கட்டி நிறுத்தின மாதிரி இருந்தது. வேறு யாருடைய ரத்தமும் அந்த முகத்தில் தெரியவில்லை.

“உங்க மருமக சாயல்ணே” என்றேன். “உங்க பக்கம் ஒண்ணுமே இல்ல.”

சரியென்று தலையாட்டினார். பிள்ளையின் முகத்திலிருந்து கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மகன் சொன்னான், என் வீட்டுக்காரி சொன்னாள், ஊரில் வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள், பிள்ளை அப்படியே உங்களை உரித்து வைத்திருக்கிறது என்று. ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார். அவர் நம்பினது என்னை ஒருத்தனைத்தான்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் இருந்தார். நான் வாரம் தவறாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். சித்திரையில் ஒரு நாள் அடங்கினார். அதுவரை நான் அதைத் திருத்திச் சொல்லவில்லை.